புற்றுநோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய், படுக்கையில் இருக்கும் புற்றுநோயாளிகளைப் பார்த்துவரும் நர்ஸ் நான். ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபம் பக்கமிருந்து போன். "சிஸ்டர், அப்பா என்னையவே பாத்து நீ யாருன்னு கேக்குறாங்க. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கு. கடைசி நேரமா சிஸ்டர்?" அந்த அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், கூடவே பத்து வருடச் சர்க்கரை நோய். தங்கச்சிமடத்துச் சொந்தக்காரர்களுக்கு அதற்குள் ஆள் போயாகிவிட்டது. "சுகர் மிஷின் இருக்கா? விரலைக் குத்திப் பாரும்மா" என்றேன். 38. உட்காரவைத்து, முழுங்குகிறாரா என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்து, அப்புறம் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். இருபது நிமிடத்தில் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏன் இத்தனை பேர் வந்திருக்காங்க?" என்று கேட்டாராம்.

ஏன் இறங்கியது என்பது அன்று மதியம்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றிலிருந்து போகிற வீடுகளில் எல்லாம் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

எத்தனைக்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று அர்த்தம்?

மிஷின் காட்டும் எண், டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கவனிக்கவேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளைக்குச் சர்க்கரை பற்றாமல் போகத் தொடங்கும், தாமதிக்கக் கூடாது. எண் எதுவாக இருந்தாலும், அடுத்தவர் கை கொடுத்தால்தான் மீள முடியும் என்ற நிலைக்கு ஆள் போய்விட்டால் அதைக் கடுமையானது என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கீமோ போட்டதிலிருந்து எப்போதும் அசந்துதான் கிடக்கிறார். இது கீமோ அசதியா, சர்க்கரை இறங்கியதா என்று எப்படித் தெரியும்?

பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால்தான் விரலைக் குத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

வழக்கமான அடையாளங்கள் இவை: கை நடுக்கம், படபடப்பு, திடீரென்று வியர்த்துக் கொட்டுவது, அகோரப் பசி, உதட்டைச் சுற்றி மரத்துப் போவது. இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், கண் மங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும், ஆள் அடையாளம் தெரியாது. அதற்கும் கீழே போனால் வலிப்பு, நினைவிழப்பு. கீமோ அசதி நாள் முழுக்க ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை இறங்குவது பெரும்பாலும் திடுதிப்பென்று வரும், சாப்பிட்டதும் தெளியும். விடியற்காலையிலும் சாப்பாடு தள்ளிப்போன நேரங்களிலும் அதிகம் வரும்.

ஆனால் இந்தக் கணக்கு தப்பும் இடங்கள் உண்டு. கல்லீரல் கெட்டவர்களுக்கு ரத்த வாந்தி வராமல் இருக்க புரோப்ரனலால் மாத்திரை கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாது, வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அடிக்கடி இறங்கிப் பழகிய உடம்புக்கும் அப்படித்தான்: எச்சரிக்கை மணி தேய்ந்துபோய், நேரே குழப்பத்தில் போய் நிற்கும். வலிக்கு 'மார்பின்' என்ற மருந்து சாப்பிடுகிறவர் தூங்கி வழிந்தால் வீட்டில் எல்லோரும் மருந்தின் மேல் பழி போடுவார்கள். இன்னொருவருக்கு 'நோய் தலைக்கு ஏறிடுச்சு' என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு துளி ரத்தத்தில் தெரிந்துவிடுகிற காரியத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இறங்கிவிட்டது. கையில் இருப்பதில் எதைக் கொடுப்பது?

நினைவு இருக்கவேண்டும், முழுங்கத் தெரியவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் 15 கிராம் சர்க்கரை உள்ளே போகவேண்டும். குளுக்கோஸ் பவுடரோ வீட்டுச் சீனியோ மூன்று டீஸ்பூன் எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. தாண்டியபின் இட்லியோ பிஸ்கட்டோ கஞ்சியோ ஏதாவது வயிற்றுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஏறியது நிற்காது.

நம் பக்கம் எல்லா வீட்டிலும் கருப்பட்டி இருக்கும். அதுவும் சர்க்கரைதான், வேலை செய்யும். ஆனால் கட்டியாக வாயில் போட்டுச் சப்பச் சொல்லாதீர்கள். கரைய நேரமாகும், குழப்பத்தில் இருப்பவருக்குப் புரைக்கேறும். நுணுக்கி வெந்நீரில் கரைத்துக் கொடுங்கள். 'கருப்பட்டி சுகரை ஏத்தாது' என்று சொல்லிக்கொண்டு தினமும் கருப்பட்டிக் காப்பி குடிக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். ஏத்தும். அதை நம்பித்தானே இந்த நேரத்தில் கொடுக்கிறோம். பதநீரில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சர்க்கரை, அதனால் ஒரு டம்ளர் போதும். நுங்கும் இளநீரும் போதாது, உடம்புக்குக் குளிர்ச்சி என்பது வேறு விஷயம். பாலும் சாக்லேட்டும் கொழுப்போடு சேர்ந்து மெதுவாக ஏறும், அவசரத்துக்கு ஆகாது. பதநீர் புளித்துக் கள்ளாகிவிட்டதென்றால் தொடவே வேண்டாம்: சாராயம், கள் எதுவானாலும் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிடும்.

சர்க்கரைக்கு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மட்டும் சீனியும் கருப்பட்டியும் உடனே பலிக்காது. சீனியைக் குடலில் உடைக்கும் வேலையைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடரே வேண்டும். அவர் வீட்டில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

மயங்கிவிட்டால்?

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒரு ஸ்பூன் சீனித் தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அழையுங்கள். 'சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறார், புற்றுநோயாளி' என்று சொல்லுங்கள், எண் தெரிந்தால் எண்ணையும் சொல்லுங்கள். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) ஏற்றினால் சில நிமிடங்களில் கண் திறப்பார். குளுக்கோகான் என்ற ஊசி உண்டு, ஆனால் அது கல்லீரலில் இருக்கும் சேமிப்பை வெளியே எடுத்துவிடும் ஊசி. நாள்கணக்கில் சாப்பிடாதவருக்கும் கல்லீரல் அழிந்தவருக்கும் எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

டெக்ஸ்ட்ரோஸ் போட்டார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

அவசரப்படாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையால் இறங்கியிருந்தால், மருந்து இன்னும் உடம்பில் இருக்கும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் மறுபடி இறங்கும். 'நல்லாத்தானே பேசுறாரு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அன்று ராத்திரியே திரும்பி வந்தவர்கள் உண்டு. டாக்டர் ஒரு நாள் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டு வாருங்கள்.

புற்றுநோய்க்கும் சர்க்கரை இறங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை வேண்டும். நாம் தூங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. ராத்திரி நேரத்தில் அதைக் கொடுப்பது கல்லீரல். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கைச் சேமித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். சேமிப்பு குறைந்தால் தசையிலிருந்து வரும் பொருளைக்கொண்டு புதிதாகவும் செய்யும். சிறுநீரகமும் அதில் கொஞ்சம் கை கொடுக்கும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இந்த வேலைக்கெல்லாம் மேஸ்திரி.

புற்றுநோய் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் அறுக்கலாம். சாப்பாடு இறங்காது, வாந்தி. உடம்பு உருகித் தசை போய்விடும். கல்லீரலின் பெரும்பகுதியைக் கட்டி பிடித்துக்கொள்ளும். அட்ரினலில் பரவும். கிருமி ரத்தத்தில் கலந்தால் உடம்பு சர்க்கரையை அள்ளி விழுங்கும், அதனால் கீமோவுக்குப் பிறகு காய்ச்சலோடு சர்க்கரையும் இறங்கியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைவிடச் சாதாரணமான ஒன்றை: சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது, சர்க்கரை மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு இட்லி சாப்பிட்ட காலத்தில் எழுதிய மாத்திரையை, அரை டம்ளர் கஞ்சி குடிக்கும் காலத்திலும் தவறாமல் கொடுப்பார்கள். மாத்திரை தவறவிடாத பிள்ளை என்று ஊரில் பேர் வேறு.

மெட்பார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அவ்வளவாகக் கீழே தள்ளாது. தள்ளுவது இன்சுலினும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு வகை மாத்திரைகளும். கடையில் 'எம் 1', 'எம் 2' என்று வால் வைத்த மாத்திரைகள் பல, கிளைமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்தவை. 'அது வெறும் மெட்பார்மின்தான் சிஸ்டர்' என்பார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்த அன்றே டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் கேளுங்கள், அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவருக்கு எப்படி இறங்கும்?

இந்தக் கேள்வியை டாக்டரிடம் சத்தமாகக் கேட்கவேண்டும். சர்க்கரைக்கு மருந்தே எடுக்காத ஒருவருக்கு 55-க்குக் கீழே இறங்கினால் அது ஒரு துப்பு, சீனி கொடுத்துச் சரியானதோடு விடக்கூடாது.

கணையத்தில் இன்சுலினோமா என்று ஒரு கட்டி வரும். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது, பத்தில் ஒன்பது புற்றுநோயும் இல்லை. ஆனால் நேரம் காலம் இல்லாமல் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். மிக அரிது: பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஓரிருவர், அதிகம் போனால் நாலு பேர்.

இன்னொன்று நேர் எதிர். கட்டி பெரிதாக இருக்கும், சில சமயம் கிலோக்கணக்கில். கல்லீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் ஒருவகை நார்த்திசுக் கட்டி, சதையில் வரும் சார்க்கோமா போன்றவை. இவை இன்சுலினைச் சுரப்பதில்லை. இன்சுலின் மாதிரி வேடம் போடும் ஐஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிப் பொருளை, சரியாகச் செதுக்காத பெரிய வடிவில் வெளியே விடும். உடம்பு அதை இன்சுலின் என்றே நம்பிச் சர்க்கரையை உள்ளே இழுக்கும், கல்லீரலும் கடையைச் சாத்திவிடும். நுரையீரல் உறைக் கட்டியால் சர்க்கரை இறங்குவதை 1930-இல் டோகே, பாட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதினார்கள், இன்றும் அவர்கள் பேரில்தான் வழங்குகிறது.

மூன்றாவது, கார்ட்டிசால் பற்றாக்குறை. பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டுப் பட்டென்று நிறுத்தினால் வரும். பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு ஊசிகள் சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையோ அட்ரினலையோ தாக்கியும் வரும். சர்க்கரை இறங்குவதோடு எழுந்து நின்றால் தலைசுற்றல், பிரஷர் குறைவு, வாந்தி, தாங்கமுடியாத சோர்வு சேர்ந்து இருந்தால் இதை நினைக்கவேண்டும்.

சர்க்கரையை இறக்கும் வேறு மருந்துகளும் உண்டு. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், கிருமிக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் (சிறுநீரகம் கெட்டவருக்கு), மலேரியாவுக்குப் போடும் குயினைன், புற்றுநோய்க்கே கொடுக்கும் இமாடினிப், சுனிடினிப்.

விடியற்காலையில் மட்டும் ஆளே மாறிவிடுகிறார், திட்டுகிறார், ஓடுகிறார். ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

போங்கள், தர்காவுக்குப் போவதைத் தடுக்க நான் யார். ஆனால் அந்த நேரத்தில் ஒருதடவை விரலைக் குத்திப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்சுலினோமா வந்தவர்கள் வலிப்பு என்றும் மனநோய் என்றும் வருடக்கணக்கில் தப்பான மருந்து சாப்பிட்ட கதை எல்லா நாட்டிலும் உண்டு. வெறும் வயிற்றில் குணம் மாறுவதும், சாப்பிட்டதும் தெளிந்து, நடந்தது ஞாபகமில்லை என்பதும் திரும்பத் திரும்ப நடந்தால் சந்தேகப்படுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவைமருத்துவர் 1930-களில் வகுத்த மூன்று நிபந்தனைகளை இன்றும் பார்க்கிறார்கள்: அறிகுறி இருக்கவேண்டும், அந்த நேரத்தில் சர்க்கரை குறைந்திருக்கவேண்டும், சர்க்கரை ஏறியதும் அறிகுறி போகவேண்டும். இறங்கிய அந்த நிமிடத்தில் எடுத்த ரத்தம்தான் தங்கம். சர்க்கரை ஏற்றுமுன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து இன்சுலின், சி-பெப்டைடு (உடம்பு தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் பொருள்), கார்ட்டிசால் பார்த்தால் பாதிப் புதிர் விடுபடும். இன்சுலினும் சி-பெப்டைடும் அதிகம் என்றால் கணையக் கட்டியோ, கிளைமிபிரைடு வகை மாத்திரையோ. இரண்டும் குறைவு என்றால் பெரிய கட்டியின் வேலை, அல்லது கல்லீரல், அட்ரினல். இன்சுலின் மட்டும் அதிகம், சி-பெப்டைடு குறைவு என்றால் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆள் மயங்கிக் கிடந்தால் ரத்தம் எடுப்பதற்காகச் சர்க்கரையைத் தாமதிக்க மாட்டார்கள், தாமதிக்கவும் கூடாது.

தானாக இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் இதை முயலவேண்டாம்.

சிகிச்சை உண்டா?

இன்சுலினோமாவை வெட்டி எடுத்தால் பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது. இன்சுலினைக் கண்டுபிடித்த அதே டொராண்டோ நகரில், எட்டு வருடம் கழித்து 1929-இல் ராஸ்கோ கிரகாம் என்ற அறுவைமருத்துவர் அப்படி ஒரு கட்டியை எடுத்து ஆளைக் குணப்படுத்தினார். அறுக்க முடியாவிட்டால் டயாசாக்சைடு மாத்திரை (கால் வீங்கும், முடி வளரும்), ஆக்ட்ரியோடைடு ஊசி, பரவியதென்றால் எவரோலிமஸ். பெரிய கட்டியால் இறங்குகிறது என்றால் முழுதாக எடுக்க முடியாவிட்டாலும் ஒரு பகுதியைக் குறைத்தாலே பலருக்குச் சர்க்கரை இறங்குவது மட்டுப்படும். அதுவும் முடியாதபோது பிரட்னிசலோன் நன்றாகக் கை கொடுக்கும்.

இதற்கிடையில் வீட்டில் செய்யக்கூடியது சாப்பாட்டு நேரத்தைக் குறுக்குவது. மூன்று வேளையை ஆறாக்குங்கள். படுக்கும் முன் ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து ஒன்று. மக்காச்சோள ஸ்டார்ச்சை (கடையில் 'கார்ன்ஃபிளவர்' என்று விற்கும் வெள்ளை மாவு) காய்ச்சாமல் பச்சையாகத் தண்ணீரில் கலக்கிப் படுக்கும் முன் கொடுப்பது ஒரு பழைய உத்தி. மெதுவாகச் செரித்து விடியும்வரை சர்க்கரையைப் பிடித்துநிற்கும். எவ்வளவு என்பதை உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீமோ அன்று சர்க்கரை 350, நாலாம் நாள் 60. மிஷின் கெட்டுப்போச்சா?

மிஷின் நல்லாத்தான் இருக்கும். கீமோவோடு வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள், அது ஸ்டீராய்டு, சர்க்கரையைத் தூக்கிவிடும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுவோம். இரண்டு மூன்று நாளில் ஸ்டீராய்டு நின்றுவிடும், கூட்டிய இன்சுலின் நிற்காது. வாய்ப்புண்ணால் சாப்பாடும் இறங்காத நாட்கள் அவை. எந்த நாளுக்கு எத்தனை யூனிட் என்று கீமோ போடும் இடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப் புற்றுநோய், மூக்கில் டியூப் வழியாகத்தான் சாப்பாடு. அவருக்கு?

முதலில் டியூபில் தண்ணீர் விட்டு, அடைப்பில்லை என்று தெரிந்தபின் இன்சுலின் போடுங்கள். ஊசி போட்டாகிவிட்டது, டியூப் அடைத்துக்கொண்டது என்றால் சர்க்கரை இறங்கியே தீரும். இறங்கினால் தலையை உயர்த்திவைத்து, கரைத்த சீனித் தண்ணீரை டியூப் வழியாகவே விட்டு, பின்னால் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டியூப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, அவரால் முழுங்கவும் முடியாது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

இரைப்பையை எடுத்தாகிவிட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கிறுகிறுக்கிறது.

சாப்பாடு நேரே குடலுக்குள் கொட்டி, சர்க்கரை சட்டென்று ஏறி, அதற்குப் பதிலாக இன்சுலின் அளவுக்கு மேல் வந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கீழே இழுக்கிறது. இனிப்பையும் சீனி போட்ட காப்பியையும் குறையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மீனோ முட்டையோ பருப்போ சேர்த்துக் கொடுங்கள். இறங்கும் நோய்க்கு இனிப்பைக் குறைக்கச் சொல்வது விசித்திரமாகத் தெரியும், ஆனால் இவருக்கு அதுதான் வழி.

லேபில் 30 என்று வந்தது, ஆள் தெம்பாக உட்கார்ந்து பேசுகிறார்!

ரத்தப் புற்றுநோயா? வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் இருந்தால், குழாயில் எடுத்துவைத்த ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அவையே தின்றுவிடும். லேப் எண் பொய், ஆள் உண்மை. புளோரைடு போட்ட குழாயில் எடுத்து உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு மிஷினை எவ்வளவு நம்பலாம்?

நம்பலாம், சில இடங்களில் உஷாராக இருந்தால். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில், அப்பாவுக்கு வியர்க்கிறது என்று பார்த்தால் மிஷின் 142 காட்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று இருந்தது. பேத்திக்குக் கருப்பட்டி உடைத்துக் கொடுத்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தியதும் 51. விரலில் ஒட்டியிருக்கும் துளி இனிப்பு போதும், இறங்கிய சர்க்கரையை மறைத்துவிடும்.

புற்றுநோயாளிகளுக்கு ரத்தசோகை சகஜம். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்தால் பல மிஷின்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். 75 என்று மிஷின் சொன்னாலும் ஆள் நடுங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள். அதிக அளவு வைட்டமின் சி நரம்பில் ஏற்றிக்கொள்பவர்களுக்கும் சில மிஷின்கள் தப்பாகக் கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. உப்பும் ஈரமும் இரும்பையே தின்கிற இடத்தில் மிஷினில் செருகும் ஸ்ட்ரிப் எம்மாத்திரம். டப்பாவைத் திறந்தால் ஒன்றை எடுத்ததும் உடனே மூடுங்கள். வெளியே எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுவைக்காதீர்கள், தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைக்காதீர்கள், தேதி முடிந்ததை உபயோகிக்காதீர்கள்.

சீனி கொடுத்தால் புற்றுநோய் வளரும் என்கிறார்களே?

இறங்கிய நேரத்தில் கொடுக்கும் மூன்று ஸ்பூன் சீனி உயிரைக் காப்பாற்றும். கட்டி எப்படியும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், நீங்கள் பட்டினி போட்டால் முதலில் தவிப்பது மூளைதான். வாட்ஸ்அப்பில் வரும் இந்த ஒரு செய்தியை நம்பி, சோறுகூட மாவுச்சத்து என்று நிறுத்திய வீட்டைப் பார்த்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு அது செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை.

கீழக்கரையிலிருந்து கேட்கிறோம். வாப்பா நோன்பு வைத்தே தீருவேன் என்கிறார்கள்.

நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதை நான் சொல்வதைவிட ஆலிம்சா சொன்னால் வாப்பா கேட்பார்கள். சர்க்கரை இறங்கும் பழக்கம் உள்ளவர், இன்சுலின் போடுகிறவர், கீமோ நடப்பில் உள்ளவர் வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்துவிட்டார்கள் என்றால் பகலில் விரலைக் குத்திப் பாருங்கள், அதனால் நோன்பு முறியாது என்றுதான் பெரும்பாலான ஆலிம்கள் சொல்கிறார்கள். 70-க்குக் கீழே போனால், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு எவ்வளவு நேரம் இருந்தாலும் திறந்துவிடவேண்டும்.

கீமோ முடிந்து தெம்பாகிவிட்டார். மறுபடி கடலுக்குப் போகலாமா?

இன்சுலினோ கிளைமிபிரைடு வகை மாத்திரைகளோ நடப்பில் இருந்தால், டாக்டரிடம் தொழிலைச் சொல்லி மருந்தை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். 'கூலி வேலை' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. 'காலையில் படகு ஏறினால் மறுநாள் காலைதான் கரை, ராத்திரி முழுக்க வலை இழுக்கணும்' என்று சொல்லுங்கள். போவதானால் தனியாக வேண்டாம், சுக்கான் பிடிக்க வேண்டாம். குளுக்கோஸ் பொட்டலத்தை பாலிதீன் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும். கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கவேண்டும். உளறினால் 'ஏத்திக்கிட்டு வந்துட்டாரு' என்று சிரித்துக்கொண்டு ஓரமாகப் படுக்கவைத்துவிடுவார்கள். வெறும் வயிற்றோடு பாசி எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கும் பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார். இன்னமும் தினமும் குத்திப் பார்க்கவேண்டுமா?

வேண்டாம். கடைசி நாட்களில் சாப்பாடு நின்றுவிடும், அப்போது சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடமோ வீட்டுக்கு வரும் நர்ஸிடமோ கேளுங்கள், பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர்களுக்கு மட்டும் முழுதாக நிறுத்தாமல் குறைப்பார்கள். அவர் அமைதியாக இருந்தால் எண்ணைத் தேடி விரலைப் புண்ணாக்கவேண்டாம். நடுக்கம், வியர்வை என்று தவித்தால் மட்டும் பாருங்கள்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையே போதும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு மதுரை வரை போகவேண்டாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. காரணம் தேடும் பரிசோதனைகளுக்கும் கட்டியை எடுப்பதற்கும் மதுரை போகவேண்டி வரலாம். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், சர்க்கரை எண், அதற்குமுன் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று எழுதி வாருங்கள். கூடவே மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், காலி அட்டைகளையும் சேர்த்து.

மண்டபத்து அப்பாவின் பையை அன்று மதியம் திண்ணையில் கொட்டிப் பார்த்தேன். புற்றுநோய்க்குப் பார்த்த ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பழைய மருந்துகளைத் தொடரவும்' என்று ஒரே வரி. பழைய மருந்து என்று மகள் கொடுத்துவந்தது ஒரு மஞ்சள் அட்டை. அதே ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதிக் கொடுத்தது ஒரு பச்சை அட்டை. கம்பெனி வேறு, பேர் வேறு. பின்பக்கம் திருப்பினால் இரண்டிலும் கிளைமிபிரைடு. ஒரு மாதமாகக் காலையில் மஞ்சள், சாயந்திரம் பச்சை, நடுவில் அரை டம்ளர் கஞ்சி. மகள் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்பாதான் உள்ளேயிருந்து, "அவளை ஏசாதீங்க சிஸ்டர், எழுதிக் குடுத்ததத்தானே குடுத்தா" என்றார்.